மழை எப்போது வரும் என்று தெரியாதபோது சம்பா நெல்லுக்கு யூரியா எவ்வளவு போடலாம்?

மொத்த அளவை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, எப்போது போடுவது என்பதை வானத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சம்பாவுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது பொதுப் பரிந்துரை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக, ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட மூன்று. டிஏபி உரம் போட்டிருந்தால் அதில் உள்ள தழைச்சத்தைக் கழித்துவிடுங்கள்.

இதை அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நான்காகப் பிரிக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு தவணை வழிந்தோடினாலும் மற்ற மூன்றும் கையில் இருக்கும். கனமழை எச்சரிக்கை இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். நாலு நாள் தாமதத்தால் பயிர் செத்துவிடாது. வரப்பு வழியாக ஓடிய யூரியா திரும்பி வராது.

மழை விட்டதும் தண்ணீரை வடித்து, இலை வண்ண அட்டையை (பச்சை நிறப் படிகளுக்கு எண் போட்ட அட்டை) மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். நிறம் 4-க்குக் கீழே இருந்தால் போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3 போதும். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று கூடுதலாகப் போட்டால், புகையான் பூச்சியும் வரும், கடைசி மழையில் பயிரும் சாயும்.