ஒன்றுவிட்ட ஒருநாள் குளிசை

கேள்வி: எனக்கு 46 வயது. பிரஷர் 160/100. கிளினிக்கில் குளிசையைக் கூட்டித் தந்தும் இறங்கவில்லை. மாமியாரோடு நித்தம் சண்டை, அந்த யோசனையாக இருக்குமோ? மேசன் வேலைக்குப் போகும் கணவருக்கும் பிரஷர் என்று பாமசியில் அளந்து சொன்னார்கள். கிளினிக் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்கிறார். அதனால் என்னுடையதில் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்குக் கொடுக்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். எங்களுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. முருங்கையிலை, உள்ளி சாப்பிட்டால் குறையுமா?
- விசுவமடு வாசகி

பதில்: முருங்கையிலையை அப்புறம் பார்ப்போம், தங்கச்சி. ‘ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்குக் கொடுக்கிறேன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மாமியாரை இழுக்கிறீர்கள். பாவம் அந்த மனுசி.

30 நாளுக்குத் தந்ததில் நீங்கள் போடுவது 15 நாள். பிரஷர் எப்படி இறங்கும்? டாக்டருக்கு இது தெரியாது. முழுவதும் போட்டும் குறையவில்லை என்று நினைத்துத்தான் கூட்டினார். அடுத்த முறை இன்னொன்றும் சேர்ப்பார்.

உங்கள் மனிசன் கதை இன்னும் மோசம். பாமசியில் ஒருதரம் அளந்ததை வைத்து நீங்களே டாக்டராகிவிட்டீர்கள். ஆஸ்துமா இழுப்பு உள்ளவருக்குச் சில பிரஷர் குளிசைகள் ஆகாது. சிறுநீரகம் பழுதென்றால் சிலதை இரத்தம் சோதித்துத்தான் கொடுப்பார்கள். அவருக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று யார் பார்த்தது?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சியை நாலு பேர் பங்கிட்டுக் குடித்த சனம் நாங்கள். எதையும் முழுதாகத் தனக்கென்று எடுக்க எங்கள் பெண்களுக்கு இன்றைக்கும் கை வராது. அதற்காகக் குளிசையையுமா பங்கிடுவது? கஞ்சியில் பாதி அரைவயிற்றுக்காவது காணும். இது இரண்டு பேருக்கும் காணாது.

எனக்குக் கோபம் அவர்மேல்தான் கூட. ‘எனக்கு ஒண்டும் செய்யேல்லை’ என்றும் சொல்லியிருப்பாரே? பிரஷர் கூடினால் பலருக்கு ஒன்றும் செய்யாதுதான், தலையிடிகூட வராது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு ஓடிவருகிறார்கள். ஒரு கையால் எப்படிக் கல்லுக் கட்டுவார்? அவரைத் தூக்கி இருத்த ஆள் வேண்டுமென்று முதலில் புத்தகத்தை மூடப்போவது உங்கள் மகள். அப்படிப் படிப்பை விட்ட பிள்ளைகளின் கடிதங்களும் இந்த மேசைக்கு வருகின்றன. குடும்பத்துக்காக உழைக்கிறவர் மாதத்தில் ஒரு காலை கியூவில் இருக்கத்தான் வேண்டும், அதுவும் உழைப்புத்தான். புருசனுக்குக் குளிசை கொடுப்பது பெண்சாதியின் கடமை என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் கொடுப்பது செல்லம்.

முருங்கையிலை, உள்ளி எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் குளிசைக்குப் பதிலாக அல்ல. உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இரணைமடுக் குளத்து மீன் வாங்கக்கூடிய ஊரில் இருந்துகொண்டு தினமும் கருவாடு எதற்கு?

அடுத்த கிளினிக் திகதி மட்டும் பார்த்திருக்காமல் இந்த வாரமே இரண்டு பேரும் போங்கள். சைக்கிள் உழக்கி வந்த கையோடு அளக்க வேண்டாம், 5 நிமிடமாவது சும்மா இருந்த பிறகு அளக்கட்டும். நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பாதிக்குப் பழகிய உடம்பு கூட்டிய அளவைத் தாங்குமா என்று அவர் பார்த்து முடிவெடுப்பார். ஏசவும் செய்வார். ஏசும்போது உங்கள் மனிசனும் பக்கத்துக் கதிரையில் இருக்கட்டும்.