வாசகர் கேள்வி: கேட்டு வாங்கும் காசு

கேள்வி: பனியன் கம்பெனியில் டைலராக வேலை செய்கிறேன். சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தை அப்படியே மாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். கணவர் தம் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். மாத்திரை வாங்கக்கூட நான் கேட்டுத்தான் பணம் பெற வேண்டியிருக்கிறது. எனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ள நினைப்பது சுயநலமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை, சகோதரி. மாமியார் பணப்பொறுப்பை வைத்திருப்பதிலும் தவறில்லை. நீங்கள் மெஷினில் அமர்ந்திருக்கும் நேரத்தில் சோறாக்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவர் என்றால், உங்கள் சம்பளத்தில் அவர் உழைப்பும் கலந்திருக்கிறது. கணவர் வாங்கும் சொத்தில் இல்லத்தரசியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்ததும் இந்த நியாயத்தை ஏற்றுத்தான்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கணவர் தமக்கு எடுத்துக்கொண்ட பிறகு கொடுக்கிறார். நீங்கள் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு கேட்கிறீர்கள். அவர் செலவுக்குக் கணக்கில்லை. உங்கள் மாத்திரைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் வந்த பணம் யார் கையில் இருந்தால் என்ன என்பார்கள். ஆனால் யார் கையில் என்பதில் வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் 1970களின் இறுதியில், தந்தையின் வரிச் சலுகையாக இருந்த குழந்தைகளுக்கான தொகையைத் தாயிடம் நேரடியாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பெண்கள், குழந்தைகளின் துணிமணிக்கான செலவு ஆண்களுடையதோடு ஒப்பிடுகையில் கூடியது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டதையும், தாத்தா வாங்கிய வீடுகளில் அந்த மாற்றம் காணப்படாததையும் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ எடுத்துக்காட்டினார். நம் மாநிலத்தில் 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுவதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியபின், கணக்குக் கேட்கப்படாத கைச்செலவுத் தொகை ஒன்றை மூவருக்கும் சமமாக வையுங்கள். மாமியாருக்கும் அது அவசியம். இதை முதலில் கணவரிடம் தனியாகப் பேசி, அவர் வாயாலேயே தாயிடம் சொல்லச் செய்யுங்கள். நீங்கள் சொன்னால், தம்மீது நம்பிக்கை இல்லையோ என்று அந்த அம்மா வருந்தக்கூடும். உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் உங்களிடமே இருக்கட்டும்.