மாத்திரை அட்டையில் பேனாவால் எழுதுகிறவர்கள்

கேள்வி: வயதான அம்மா அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போட்டார்களா என்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள ஒரு செயலி செய்யும் யோசனை இருக்கிறது. நண்பர்கள், உறவினர்களுக்குப் படிவம் அனுப்பினேன். 140 பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே 'அருமை, கட்டாயம் பயன்படுத்துவேன்' என்கிறார்கள். வெளியாட்களிடம் சொன்னால் யோசனையைத் திருடிவிடுவார்களோ என்று பயம். கருத்துச் சொல்ல முதல் நூறு பேரை எங்கே பிடிப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதலில் அந்த 140 படிவங்களையும் எடுத்து ஓரமாக வையுங்கள். நிரப்பியவர்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் மேல் இருக்கும் பிரியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு செயலி கட்ட முடியாது.

என்னிடம் அந்தப் படிவம் வந்திருந்தால் நானும் 'அருமை' என்றுதான் எழுதியிருப்பேன். இத்தனைக்கும் இது என் வீட்டுப் பிரச்சினை. என் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் பேனாவால் 'கா', 'ம', 'இ' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மாத்திரையைப் பிய்த்தால் எழுத்தும் கிழிந்துபோகும், மறுபடி எழுத வேண்டும். தங்கை வெளியூரில் இருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை டப்பாவின் அன்றைய கட்டம் காலியாக இருப்பதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். படம் வராவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒருமுறை நான் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அது தெரியாமல் அண்ணன் இன்னொன்று கொடுத்துவிட்டார். மருத்துவரைப் போனில் பிடித்து, அவர் சொன்னபடி இரவு முழுக்க அழுத்தம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

'என் யோசனை எப்படி?' என்று கேட்டால் இதில் ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கிடைக்காது. 'கடைசியாக மாத்திரை விஷயத்தில் குழப்பம் வந்தது எப்போது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் விடாமல் பேசியிருப்பேன். அந்தப் பேச்சில் உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மணி எங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. 'கொடுத்தாச்சு' என்பது வீட்டில் இருக்கும் அடுத்தவருக்கு உடனே தெரிய வேண்டும், அதுதான் எங்கள் தேவை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது கருத்துச் சொல்கிறவர்களை அல்ல. இந்தத் தொல்லையில் மாட்டி, பொறுக்க முடியாமல், கைக்குக் கிடைத்ததை வைத்து ஏதோ ஒரு வழி செய்துகொண்டவர்களை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1986-லேயே இவர்களைப் பற்றி எழுதினார். மற்றவர்களுக்குப் பின்னால் வரப்போகிற தேவை இவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, தீர்வையும் பல சமயம் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு 'டிக்' அடிக்கும் மகள், அண்ணன் தம்பிகளுக்குள் மாத்திரைக்கென்றே வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் வீடு, இவர்கள்தான் உங்கள் ஆட்கள். எதுவுமே செய்துகொள்ளாதவருக்குத் தொல்லை இன்னும் அந்த அளவுக்கு உறைக்கவில்லை. அவர் உங்கள் செயலியையும் திறக்க மாட்டார்.

எங்கே கிடைப்பார்கள்? முதியோர் மருத்துவம், இதயம், நீரிழிவு பார்க்கும் இடங்களின் காத்திருப்பு அறையில், மருந்துக் கடை வரிசையில், நோயாளிகளின் குடும்பத்தினர் கூடும் குழுக்களில். அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் செவிலியர் ஒருவர் கிடைத்தால் அவருக்குப் பல வீடுகளின் கதை தெரிந்திருக்கும். ஒருவரிடம் பேசி முடித்ததும் 'உங்களை மாதிரியே அல்லாடுகிறவர் வேறு யாராவது உண்டா?' என்று கேளுங்கள். இரண்டு பேரைக் கைகாட்டினால் பேச்சு உண்மையில் அவரைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பயணிகள் தங்க வீடு பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி தளத்தைத் தொடங்கியவர்கள் 2009-ல் இப்படித்தான் நியூயார்க்குக்குப் போய், வீடு வாடகைக்கு விடுகிறவர்களின் கதவைத் தட்டி, தாங்களே கேமராவோடு அந்த வீடுகளைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

நூறு என்ற எண்ணையும் விட்டுவிடுங்கள். செயலியின் மாதிரி ஒன்று தயாரான பிறகு அதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க ஐந்து பேரே போதும், பெரும்பாலான கோளாறுகள் அதிலேயே தெரிந்துவிடும் என்று, இணையதளங்களையும் மென்பொருளையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு பயன்பாட்டுக் கோளாறுக்கு மட்டும்தான். செயலி தேவையா இல்லையா என்பதை அந்த ஐந்து பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குப் புதிதாக ஒருவரிடம் பேசினாலும் கேட்ட கதையே திரும்ப வருகிறது என்ற நிலை வரும்வரை பேச வேண்டும்.

திருட்டுப் பயம் வேண்டாம். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் சேவையைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பே, 2008-ல், அது என்ன செய்யும் என்பதைச் சின்ன வீடியோவாக ஊரறியக் காட்டினார்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000 ஆனது. பார்த்தவர்களால் அவர்கள் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லையே.

அப்புறம், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இதைச் செய்து பாருங்கள். மூன்று குடும்பங்களை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் நீங்களே அந்தச் செயலியாக இருங்கள். மாத்திரை கொடுத்தவர் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும், நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதில் மட்டும் தலையிடக் கூடாது, அது மருத்துவர் வேலை. மருந்துப் பட்டியல் ஒருவருடைய அந்தரங்கம், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பதினைந்தாம் நாள் நீங்கள் நிறுத்தும்போது 'ஏன் நிறுத்திவிட்டீர்கள்?' என்று எத்தனை வீடுகளிலிருந்து போன் வருகிறது என்று பாருங்கள்.

அந்த மூன்று வீடுகளில் ஒன்றாக எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதை நிஜமாகவே சொல்கிறேன். அலுவலக முகவரிக்கு எழுதினால் தங்கையிடமும் அண்ணனிடமும் பேசி வைக்கிறேன். வருவதானால் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வாருங்கள், டப்பாவைத் திறக்கிற நேரம் அது.