சிலை வைத்த பிறகு தலைவர்களின் பேச்சு ஏன் மழுங்கிப் போகிறது?

உரிமைக்காகப் போராடியவர்களுக்கு விழா எடுக்க எடுக்க அவர்கள் ஏன் சாதுவாகிவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் சேர்ந்து மாலை போட வேண்டுமென்றால், எல்லாருக்கும் ஒத்துவரும் பகுதியை மட்டும்தான் பேச முடியும்.

ஏப்ரல் 14 அன்று மதுரை அவுட்போஸ்ட் அம்பேத்கர் சிலைக்கு வந்து பாருங்கள். மாலை, கோஷம், போட்டோ, அப்புறம் அடுத்த கட்சி. பேட்டியில் ‘சட்ட மேதை’ என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அவர் மனுஸ்மிருதியை எரித்தது பேச்சில் வராது. சாதிக்குப் புனிதம் தரும் சாத்திரங்களையே தகர்க்க வேண்டும் என்று 1936இல் அவர் எழுதியதும், அதனால் அவரைப் பேச அழைத்தவர்களே தங்கள் மாநாட்டை ரத்து செய்ததும் வராது. வந்தால், மாலையோடு வந்தவர்களில் பலர் சொந்த ஊரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் இதே கதிதான். 1963 கனவுப் பேச்சு எல்லாருக்கும் தெரியும். வியட்நாம் போரை எதிர்த்த 1967 பேச்சும், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக மெம்பிஸ் போன இடத்தில்தான் 1968இல் சுடப்பட்டார் என்பதும் ஓரமாகக் கிடக்கின்றன.

இத்தனைக்கும் மதுரைப் பக்கமே பேச நிறைய இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் அதே மாதிரிப் பதவிக்கு ஜெயித்த முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அந்த நினைவு நாள் மட்டும் மழுங்கவில்லை. அதை நடத்துவது பறிகொடுத்த சனமும் இயக்கத்தவரும். அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற 13 பேரை 2019இல் முன்கூட்டியே விடுவித்தது என்ன நியாயம் என்று அவர்களால் நேராகக் கேட்க முடிகிறது.