சர்வரில் சர்வீஸ் எழவில்லையா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

லினக்ஸ் சர்வரில் சிஸ்டம்டி (பின்னணி நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் மென்பொருள்) நடத்தும் சர்வீஸ்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேள்வியோடு சர்வீஸின் நிலையைச் சொல்லும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ், லாக் என்ற நிகழ்வுப் பதிவைத் தரும் ஜர்னல்சிடிஎல் ஆகிய இரண்டு கட்டளைகளும் காட்டும் வரிகளையும் அனுப்புங்கள். ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் காரணம் சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டை: ஐயா, வெள்ளிக் கொலுசுக் கடைக்கு பில் போடும் ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி சர்வரில் ஏற்றினேன். இயக்க அனுமதியும் கொடுத்தாயிற்று. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. சர்வீஸோ ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று 203 எண்ணோடு நின்றுவிடுகிறது.

பதில்: 203 வந்தால், நிரலை இயக்கத் தொடங்கும் கட்டத்திலேயே சிஸ்டம்டி தோற்றுவிட்டது என்று பொருள். உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட ஓடவில்லை. அதற்குள் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கிடைக்காமல் போனது அதன் முதல் வரி அழைக்கும் பாஷ், அதாவது ஸ்கிரிப்டை வரி வரியாக இயக்கும் நிரல். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸின் மையமான கெர்னல் அதையும் சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு பாஷ் இல்லை என்கிறது. கேட் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். வரிக் கடைசியில் டாலர் குறி மட்டும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கூம்புக் குறியும் எம் எழுத்தும் தெரிந்தால் இதுதான் காரணம். அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யூனிக்ஸை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

ஆத்தூர்: சர்வீஸ் கோப்பைத் திருத்தினேன், எந்த மாற்றமும் இல்லை.

பதில்: திருத்திய கோப்பை சிஸ்டம்டி மறுபடி படிக்க டீமன்-ரீலோட் கொடுங்கள், பிறகு ரீஸ்டார்ட்.

ஏற்காடு: காப்பித் தோட்டத்தில் மழை, வெப்ப அளவுகளைச் சேலம் அலுவலகத்துக்கு அனுப்பும் சர்வீஸ் இது. மின்தடைக்குப் பின் சர்வர் தானாக எழுகிறது, சர்வீஸ் மட்டும் எழுவதில்லை. கையால் தொடங்கினால் ஓடுகிறது. சர்வீஸ் கோப்பில், எதற்குப் பின் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஆஃப்டர் வரியில் நெட்வொர்க்.டார்கெட் போட்டிருக்கிறேன். விழுந்தால் மீண்டும் எழுப்பும் ரீஸ்டார்ட் வரியும் இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. நெட்வொர்க்.டார்கெட் இணைப்பு வரும்வரை காத்திருக்காது. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை ஆஃப்டர், வாண்ட்ஸ் இரண்டு வரிகளிலும் எழுதுங்கள். ஆனால் மலையில் அது மட்டும் போதாது. ரூட்டர் ஐபி முகவரி கொடுத்த உடனேயே சர்வர் ‘ஆன்லைன்’ என்று நம்பிவிடும். வெளி இணைப்பு வர இன்னும் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் உங்கள் ரீஸ்டார்ட் வரி என்ன செய்கிறது பாருங்கள். முயற்சிகளுக்கு இடையே இயல்பாக 100 மில்லி நொடிதான். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். நிரல் உடனுக்குடன் விழுந்தால் 5 முயற்சிகளும் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும். முயற்சிகளுக்கு இடையேயான நேரத்தை, அதாவது ரீஸ்டார்ட்செக்கை, 30 நொடி என்று வையுங்கள். அந்த வரம்பில் சிக்காமல், இணைப்பு வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும்.

அம்மாபேட்டை: அனுமதி மறுப்பு என்று வருகிறது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுத்தும் தீரவில்லை.

பதில்: 777 கொடுக்காதீர்கள். அந்த சர்வரில் நுழையும் எவரும் உங்கள் நிரலை மாற்றி எழுத வழி திறந்துவிட்டீர்கள். முதலில் அதைப் பழையபடி மாற்றுங்கள். தடை பெரும்பாலும் மேலே உள்ள கோப்புறையில் இருக்கும். உங்கள் ஹோம் கோப்புறை 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) என்றால் சர்வீஸின் பயனர் அதைத் தாண்டி உள்ளே போகவே முடியாது. நேம்ஐ கட்டளை எல் விருப்பத்தோடு ஒவ்வொரு படியின் அனுமதியையும் காட்டும். நிரலை ஆப்ட் கோப்புறைக்கு மாற்றுவதே நல்லது.

சூரமங்கலம்: திருத்தியது எடுபடவில்லை.

பதில்: ஆத்தூருக்குச் சொன்னதுதான்.

அஸ்தம்பட்டி: ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் போட்டால் முடிந்தது. இதற்கெல்லாம் லாக் எதற்கு?

பதில்: இதை வன்மையாக மறுக்கிறேன். டிஸ்க் நிரம்பி விழும் சர்வீஸை ஆயிரம் முறை எழுப்பினாலும் டிஸ்க் காலியாகாது. ஒவ்வொரு வீழ்ச்சியும் லாக்கில் இன்னும் சில வரிகளைச் சேர்க்கும். நிரல் வேலையை முடித்து ஒழுங்காக வெளியேறினாலும் ஆல்வேஸ் அதை மீண்டும் எழுப்பும்.

அஸ்தம்பட்டி: ஜவ்வரிசி ஆலையில் இரவில் யார் சார் இருக்கிறார்கள்? தானாக எழுந்தால்தானே பிழைப்பு நடக்கும்?

ஏற்காடு: எனக்கும் அதே நிலைதான். மழையில் மலை ஏறி வந்து யார் தொடங்குவது?

பதில்: தானாக எழ வேண்டும் என்பதில் உங்கள் இருவரோடும் உடன்படுகிறேன். யாருக்கும் தெரியாமல் எழுந்துகொண்டே இருப்பதுதான் ஆபத்து. ஆலைக்கு ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர் (பிழையோடு விழுந்தால் மட்டும் எழுப்பும்), ரீஸ்டார்ட்செக் 30, ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் (எத்தனை நொடிக்குள் தொடங்கியதை எண்ணுவது) 600 என்று வையுங்கள். 10 நிமிடத்தில் 5 முறை விழுந்தால் சர்வீஸ் ‘ஃபெயில்டு’ நிலைக்குப் போகும். ஆன்ஃபெய்லியர் வரியில் உங்களுக்குச் செய்தி அனுப்பும் இன்னொரு சர்வீஸைக் குறிப்பிட்டால் தகவல் உடனே வரும். ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்கை இயல்பான 10 நொடியிலேயே விட்டுவிட்டு 30 நொடிக்கு ஒருமுறை எழுப்பினால் அந்த வரம்பை எட்டவே எட்டாது, செய்தியும் வராது. ஏற்காட்டுக்கு அது பொருந்தும், ஆலைக்குப் பொருந்தாது.

ஓமலூர்: எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: கடையில் கேளுங்கள்.

அம்மாபேட்டை: ஆப்ட் கோப்புறைக்கு மாற்றினேன். அங்கே 777 கொடுக்கலாமா?

பதில்: கூடாது. உரிமை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு, அனுமதி 755 (மாற்றி எழுத ரூட்டால் மட்டும் முடியும், மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம்).

அஸ்தம்பட்டி: சரி, லாக் பார்க்கிறேன். ஆனால் சர்வரை ரீபூட் செய்ததும் நேற்று இரவு லாக்கையே காணோமே?

பதில்: வார் கோப்புறைக்குள் இருக்கும் லாக் கோப்புறையின் கீழ் ஜர்னல் என்ற கோப்புறை இல்லையென்றால், இயல்பு அமைப்பில் லாக் நினைவகத்தில் மட்டும் தங்கும், ரீபூட்டில் போய்விடும். நேற்றையது இனிக் கிடைக்காது. அந்தக் கோப்புறையை உருவாக்கி, சிஸ்டம்டி-ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்து, ஜர்னல்சிடிஎல் ஃப்ளஷ் கொடுங்கள். அடுத்த முறை விழுந்தால், ரீபூட் ஆன பிறகும் ஜர்னல்சிடிஎல் பி விருப்பத்தோடு மைனஸ் 1 சேர்த்து முந்தைய ஓட்டத்தின் லாக்கைப் படிக்கலாம். அதில் உங்கள் சர்வீஸ் முதன்முதலில் விழுந்த இடத்திலிருந்து மேலும் கீழும் இருபது வரிகளை எடுத்து எனக்கு அனுப்புங்கள்.