மறு: ஜிஐஏ 1997-இல் ஒடுங்கியதா, 2002-இலா?

1997-இல் சண்டைநிறுத்தம் செய்த ஜிஐஏவுக்கு (அல்ஜீரியாவின் ஆயுத இஸ்லாமியக் குழு) 2002-இலும் ஒரு தலைவர் இருந்தது எப்படி, கட்டுரையில் கணக்கு இடிக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இயக்கங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். 1997 அக்டோபர் 1 முதல் சண்டையை நிறுத்தியது ஏஐஎஸ், அதாவது இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற கட்சியின் ஆயுதப் பிரிவு. ஜிஐஏ அதில் சேரவில்லை; ஏஐஎஸ் ஆட்களையே கொன்றுகொண்டிருந்தது.

கட்டுரையில் ஜிஐஏவின் எழுச்சியை இரண்டு வரியில் முடியுங்கள்: 1992 ஜனவரியில் தேர்தல் ரத்து, 1994 மே மாதம் முன்னணியின் முகமது சயீத் போன்றோர் ஜிஐஏவில் இணைவு. அதுவே உச்சம்.

சரிவை 1995 கடைசியிலிருந்து தொடங்குங்கள். தலைவர் ஜமால் ஸைத்தூனியின் ஆட்கள் அதே முகமது சயீதைத் தீர்த்துக்கட்டினார்கள். குழுக்கள் வரிசையாகப் பிரிந்தன. 1996 ஜூனில், லண்டனிலிருந்து ஜிஐஏவை ஆதரித்துவந்த மதகுரு அபு கதாதாவே கைகழுவினார். ஜூலையில் ஸைத்தூனி கொல்லப்பட்டார். அடுத்து வந்த அந்தர் ஸுவாப்ரி, தன்னோடு சேராத மக்களையே மதம் துறந்தவர்கள் என்றார். 1997 ஆகஸ்டில் ராயிஸ், செப்டம்பரில் பென்தல்ஹா ஆகிய ஊர்களில் படுகொலை. சோறும் ஒளிவிடமும் கொடுத்த ஊர்களையே வெட்டினால் யார் மிஞ்சுவார்கள்? 1998-இல் ஹசன் ஹத்தாப் ஜிஐஏவிலிருந்து பிரிந்து ஜிஎஸ்பிசி என்ற தனி ஆயுத இயக்கத்தைத் தொடங்கினார். 1999-இன் மன்னிப்புச் சட்டம் மேலும் பலரை ஆயுதத்தைக் கீழே போட வைத்தது. ஸுவாப்ரி 2002 பிப்ரவரியில் பூஃபாரிக் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பென்தல்ஹாவுக்கு அருகிலேயே முகாமிட்டிருந்த ராணுவம் ஏன் தலையிடவில்லை என்ற சர்ச்சையைத் தனிப் பத்தியாக வையுங்கள். சரிவின் காரணப் பட்டியலில் கலக்காதீர்கள்.