சின்னப் பிள்ளைகளோடு மொரீஷியஸ்: கையைக் கடிக்காமல் சுற்ற முடியுமா?

சென்னையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஐந்து வயதிலும் ஒன்றரை வயதிலும் பிள்ளைகள், ரிசார்ட் வேண்டாம், செலவு அடக்கமாக இருக்க வேண்டும்.

தாராளமாக வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டணம் கிடையாது; திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும். சின்னவனுக்கு இரண்டு வயது நிறையுமுன் திரும்பிவிட்டால் மடிக்குழந்தைக் கட்டணத்தோடு போச்சு.

இங்கே கடற்கரை எல்லாருக்கும் பொது. ரிசார்ட்டுக்காரன் மறிக்க முடியாது. அதனால் மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கமோ வடக்கே மோன் ஷுவாசி பக்கமோ சமையலறையுள்ள அபார்ட்மென்ட் எடுங்கள்; பால் காய்ச்சவும் ரசம் வைக்கவும் அது போதும். பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் கரையோரம் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். ஆனால் தண்ணீருக்கடியில் காலில் குத்தும் கடல் முள்ளெலிகள் (sea urchin) உண்டு, ரப்பர் செருப்பில்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் காற்று பிய்த்தெடுக்கும். மேற்கும் வடக்கும் தேவலை. ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் குழந்தைகளோடு நான் வரச் சொல்லமாட்டேன்.

வெளியே பசித்தால் தெருவோரத் தால் பூரிதான். மெல்லிசாக இரண்டு பூரி, உள்ளே அவரைக் குழம்பு, தக்காளித் தொக்கு, காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். பிள்ளைகளுக்கு மிளகாய் வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தலைநகர் போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் நகரம் வரை மெட்ரோ ஓடுகிறது, பெரியவனுக்கு அதுவே வேடிக்கை. கிராமப் பக்கம் பஸ் இருட்டுவதற்குள் நின்றுவிடும். கார் எடுத்தால் நம்மூர் மாதிரி இடதுபக்க ஓட்டம்தான். குழந்தை இருக்கையை மட்டும் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.